உள்ளங்கையில் ஒரு குறிப்பேடு

2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், உரோமையில் புனித பேதுரு பெருங்கோவிலின் முகப்பில் பத்துத் திருவுருவப் படங்கள் தொங்கின. தமிழ் மக்களாகிய நம் கண்கள் அவற்றுள் ஒன்றை மட்டுமே தேடின. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்து, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் நம் மண்ணின் மைந்தர் அல்லவா? அந்த மகிழ்ச்சியில் அவரோடு சேர்ந்து புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட மற்ற ஒன்பது பேரை நாம் சரியாகக் கவனிக்கவில்லை. அவர்களுள் ஒருவர், பிரான்சு நாட்டுக் குதிரைப்படை அதிகாரியாக இருந்து, பின்பு பாலைநிலத் துறவியாக மாறிய சார்லஸ் தெ ஃபூக்கோ.

அவருடைய வாழ்வை மறையுரைகளில் கேட்டிருப்போம். செல்வச் செருக்கில் சீரழிந்த இளைஞன், பிறகு மனமாற்றம், பிறகு சகாராவில் தனிமை. இந்த மூன்று படிகளுக்கும் இடையில், 'மொரோக்கோ நாட்டையும் ஆராய்ந்தார்' என்று ஒரே தொடரில் கடந்துவிடப்படும் பதினோரு மாதங்கள் உள்ளன. அவரது வாழ்வில் எனக்கு மிகவும் விளங்காததும், அதனாலேயே மிகவும் ஈர்ப்பதும் அந்தப் பதினோரு மாதங்களே.

1858ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஃபூக்கோ பிறந்தார். ஆறு வயது நிறைவதற்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். அவரையும் அவர் தங்கை மரியாவையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டனாராகிய ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர். 1870ஆம் ஆண்டுப் போரில் அல்சாஸ் பகுதி ஜெர்மனியர் கைக்குச் செல்ல, குடும்பம் நான்சி நகருக்குப் பெயர்ந்தது. பள்ளியில் படிக்கும்போதே நம்பிக்கை கரைந்தது. பாரிசு நகரில் இயேசு சபையார் நடத்திய கல்விக்கூடம் அவருடைய சோம்பலைப் பொறுக்க மாட்டாமல் அவரை அனுப்பிவிட்டது. சேன்-சீர் படைக் கல்லூரியில் 386 பேரில் 333ஆவது இடம். சோமூர் குதிரைப்படைப் பள்ளியில் 87 பேரில் 87ஆவது இடம். இதற்கிடையில் 1878இல் பாட்டனார் இறக்க, பெருஞ்செல்வம் கைக்கு வந்தது. அது விருந்துகளிலும் சூதாட்டத்திலும் கரையத் தொடங்கிற்று.

1880இன் இறுதியில் அவருடைய படைப்பிரிவு அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டது. திருமணம் செய்யாத ஒரு பெண்ணைத் தம் மனைவி போல உடன் வைத்திருந்தார் ஃபூக்கோ. அவளை அனுப்பிவிடும்படி மேலதிகாரிகள் கட்டளையிட, அவர் மறுத்தார். அவள் மீதிருந்த அன்பைவிட, கட்டளைக்குப் பணிய விரும்பாத பிடிவாதமே அதற்குக் காரணமாக இருக்கலாம். 1881இல் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். சில மாதங்களிலேயே, தெற்கு ஓரான் பகுதியில் பூ அமாமா என்பவரின் தலைமையில் கிளர்ச்சி எழுந்ததும், தம் தோழர்கள் போர்முனைக்குச் செல்வதும் அவர் காதுக்கு எட்டின. உடனே அந்தப் பெண்ணைப் பிரிந்து, படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார். அந்தப் போரில் வெயிலையும் தாகத்தையும் வீரர்களோடு சமமாகப் பகிர்ந்துகொண்ட ஃபூக்கோவைக் கண்டு, பழைய கேளிக்கைக்காரனை அறிந்திருந்தவர்கள் வியந்தார்கள் என்று அவருடைய தோழர் லப்பெரின் பின்னாளில் எழுதினார். கிளர்ச்சி ஓய்ந்ததும் பாசறை வாழ்வு மறுபடி கசந்தது. நெடும்பயணம் ஒன்றுக்கு விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. 1882இன் தொடக்கத்தில், இருபத்து மூன்றாம் வயதில், பதவியைத் துறந்தார்.

செல்ல விரும்பிய நாடு மொரோக்கோ. அல்ஜீரியாவின் அண்டை நாடாயினும் ஐரோப்பியரின் நிலப்படங்களில் அதன் உட்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. கடற்கரைத் துறைமுகங்களிலும், சுல்தானின் ஆணை செல்லும் சில நகரங்களிலும் அயலார் நடமாடலாம். மலைகளிலும் பாலையோரங்களிலும் வாழ்ந்த இனக்குழுக்கள் சுல்தானுக்கு வரி செலுத்தாதவை. தம் எல்லைக்குள் அயலாரை விடாதவை. நாட்டின் ஆறில் ஐந்து பங்கு கிறிஸ்தவர்களுக்கு முற்றிலும் மூடியிருந்தது என்று ஃபூக்கோவே கணக்கிடுகிறார். அதற்கு அவர் கூறும் காரணம் நம் கவனத்துக்குரியது. அது மதவெறியினால் அன்று என்கிறார். உள்ளே வரும் ஐரோப்பியன் நாட்டை வேவு பார்க்கத்தான் வருகிறான், அவன் பின்னால் படை வரும் என்பதே அம்மக்களின் அச்சம். அவன் வேற்றுச் சமயத்தான் என்பதற்காக அல்லாமல், ஒற்றன் என்பதற்காகவே அவர்கள் அவனைக் கொல்வார்களாம். இதை எழுதிய கையே அந்நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் கணவாய்களையும் மறைவாக அளந்த கை. இந்த முரண்பாடு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அல்ஜியர்ஸ் நகரில் ஓராண்டுக்கு மேல் தங்கித் தம்மை ஆயத்தம் செய்தார். வகுப்பில் கடைசியாக நின்றவர் இப்போது அரபு மொழியையும் எபிரேயத்தையும் இரவு பகலாகக் கற்றார். நகர நூலகத்தின் பொறுப்பாளரான ஆஸ்கர் மெக்கார்த்தி அவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். எந்த வேடத்தில் செல்வது என்பதே முதற்கேள்வி. அவருக்கு முன் சென்ற ரெனே கையே, கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் போன்றோர் முஸ்லிம் வேடம் பூண்டிருந்தனர். ஆனால் முஸ்லிமாகச் செல்பவர் தொழுகையிலும் உணவிலும் பேச்சிலும் இடைவிடாமல் கவனிக்கப்படுவார்; தனியே எழுதவோ விண்மீனைப் பார்க்கவோ நேரம் வாய்க்காது. யூதரோ அந்நாட்டில் எல்லாராலும் இகழப்பட்டவர். இகழப்படுபவனை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆகவே அவர் யூத இரபியின் உடையைத் தேர்ந்துகொண்டார். உருசியாவிலிருந்து வந்த இரபி யோசேப்பு அலெமான் என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர்.

வழித்துணையாகக் கிடைத்தவர் மொர்தக்காய் அபி செரூர். எஸ்தர் நூலை வாசித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. இந்த மொர்தக்காய் தெற்கு மொரோக்கோவின் அக்கா என்னும் பாலைச்சோலையில் பிறந்த உண்மையான இரபி. அறுபதை நெருங்கிய அகவை. யூதர் எவரும் துணியாத காலத்தில் சகாராவைக் கடந்து திம்புக்துவில் வணிகம் செய்தவர். கொள்ளையர்களால் எல்லாவற்றையும் இழந்தவர். பாரிசு புவியியல் கழகத்தாருக்காகத் தகவல் திரட்டியவர். திங்களுக்கு 270 பிராங்கு ஊதியத்தில் ஃபூக்கோவுடன் செல்ல இசைந்தார். பகட்டில் வளர்ந்த இருபத்து நான்கு வயது பிரபுவும், வாழ்ந்து கெட்ட முதிய யூதரும் 1883 ஜூன் 10ஆம் நாள் அல்ஜியர்ஸை விட்டுப் புறப்பட்டனர்.

எல்லை கடக்கும் முன்பே அந்த வேடத்தின் விலை தெரிந்தது. அவருடைய வரலாற்றை எழுதிய ரெனே பசேன் ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார். த்லெம்சென் நகரின் பொதுவெளியில் ஃபூக்கோ தரையில் குந்தி, ரொட்டியும் ஒலிவக் காய்களும் தின்றுகொண்டிருந்தார். முன்பு அவரோடு பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரிகள் சிலர் அவ்வழியே வந்தனர். ஒருவர் அவரைச் சுட்டி, அந்தச் சின்ன யூதன் குரங்கு போல் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள் என்று எள்ளி நகைத்தார். ஒருவரும் அவரை அடையாளம் காணவில்லை. வேடம் வென்றதென்று அவர் மகிழ்ந்திருப்பார். ஆனால், அதே அதிகாரிகளுடன் சேர்ந்து எத்தனை யூதர்களைப் பார்த்து அவரும் முன்னர் நகைத்திருப்பார்!

தாஞ்சியர் துறைமுகம் வழியாக மொரோக்கோவுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து செஃப்சாவுன், ஃபெஸ், தாஸா, மெக்னெஸ் எனப் பயணம் வளர்ந்தது. இரவில் யூதச் சேரிகளில் தங்கல். அச்சேரிகளுக்கு மெல்லா என்று பெயர். பல ஊர்களில் யூதர் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். செஃப்சாவுனுக்குச் செல்லும் வழியெங்கும் வசைமொழிகள் அவரைத் தொடர்ந்தன. வேற்று இனக்குழுவின் நிலத்தைக் கடக்க வேண்டுமானால், அவ்வினத்தைச் சேர்ந்த ஒருவனுக்குப் பணம் கொடுத்து வழித்துணையாகக் கொள்ள வேண்டும். 'ஸெத்தாத்' எனப்படும் அத்துணைவன் வாக்குத் தவறாதவனானால் உயிர் பிழைக்கும், தவறினால் கேட்பாரில்லை.

இவ்வளவுக்கும் நடுவே அவர் செய்த வேலைதான் வியப்புக்குரியது. ஐந்து சென்டிமீட்டர் சதுரமுள்ள சிறு குறிப்பேடு அவர் இடது உள்ளங்கையில் மறைந்திருக்கும். வலக்கையில் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள பென்சில் துண்டு. கூட்டத்துக்குச் சற்று முன்னேயோ பின்னேயோ நடந்தபடி, அகன்ற மேலாடையின் மடிப்புக்குள் திசை, நேரம், உயரம், மலையின் வடிவம், ஆற்றின் அகலம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே செல்வார். ஊர் வந்து சேர்ந்தபின், இரவில் எல்லாரும் உறங்கும்போது அவற்றை விரித்தெழுதுவார். விண்மீன்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியை வீட்டு மாடியில் வெளியே எடுப்பதுதான் பெருந்தொல்லை. அவர் அளந்துகொண்டிருக்க, மொர்தக்காய் மற்றவர்களுக்குக் கதை சொல்லி அவர்கள் கவனத்தைத் திருப்புவார். கருவியைக் கண்டு கேட்டவர்களுக்கு ஊருக்கு ஒரு விடை. தாஸாவில் அது காலராவைத் தடுக்கும் கருவி. வேறோர் இடத்தில் யூதரின் பாவங்களைக் காட்டும் கருவி. பிறிதோர் இடத்தில் தொலைவில் உள்ளவர்களின் செய்தியைச் சொல்லும் கருவி. இவ்விடைகளைத் தம் நூலில் நகைச்சுவையோடு அவரே பட்டியலிடுகிறார்.

ஆனால் வேடம் எல்லாரையும் ஏமாற்றவில்லை. பூ ஜாத் என்பது ஒரு புகழ்பெற்ற இசுலாமிய ஞானியர் குடும்பத்தின் ஊர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஹஜ் இத்ரிஸ் என்ற இளைஞர் இந்த இரபி ஒரு கிறிஸ்தவர் என்று கண்டுகொண்டார். காட்டிக்கொடுக்கவில்லை, மாறாகத் தாமே உடன்வந்து பாதுகாப்பாக வழியனுப்பினார். அட்லஸ் மலையைக் கடந்து, ஈச்சமரங்கள் செறிந்த திசிந்த் ஊரை அடைந்தபோதும் அப்படியே. மெக்கா சென்று திரும்பியவர்கள் அவ்வூரில் சிலர் இருந்தனர். உலகம் பார்த்த அவர்களுடைய கண்கள் எளிதில் ஏமாறவில்லை. அவர்களுள் ஹஜ் பூ ரிம் என்பவர் ஃபூக்கோவின் உற்ற நண்பரானார். தம்மைக் கொள்ளையிடவும் கொல்லவும் சிலர் திட்டமிட்டபோது காத்தவர் அவரே என்று ஃபூக்கோ நன்றியோடு எழுதுகிறார். பணம் தீர்ந்துபோன நிலையில், மேற்குக் கடற்கரையிலுள்ள மொகதோர் துறைமுகம்வரை அவரை அழைத்துச் சென்றவரும், திரும்ப அழைத்து வந்தவரும் அவரே.

இவ்விடத்தில் யோசுவா நூலின் எரிகோ நகரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஒற்றர் என்று அறிந்தும் இராகாபு அவர்களைத் தன் வீட்டு மாடியில் ஒளித்து வைத்தாள். தனக்கும் தன் வீட்டாருக்கும் உயிர்ப்பிச்சை கேட்டு உறுதிமொழியும் பெற்றுக்கொண்டாள். பூ ரிம் அத்தகைய உறுதிமொழி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

1884 ஜனவரி 28ஆம் நாள் மொகதோரை அடைந்தார். பிரெஞ்சுத் தூதரகத்தின் வாயிலில், கிழிந்த உடையும் அழுக்கேறிய மேனியுமாக நின்ற யூதர், தாம் பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி என்று சொன்னபோது அங்கிருந்தவர் நம்பவில்லை என்று கூறப்படுகிறது. தங்கைக்குக் கடிதம் எழுதி, பணத்துக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தார். அங்கிருந்து கப்பலேறி வீடு திரும்பியிருக்கலாம். செய்தவை போதும் என்று எவரும் சொல்லியிருப்பர். மார்ச் 14ஆம் நாள் மீண்டும் உள்நாட்டுக்குள் நடந்தார்.

த்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கையும் தோத்ரா சோலைகளையும் கடந்து, எல்லைக்குச் சில நாள் வழியே எஞ்சியிருந்தபோது, மே மாதத்தில், காவலுக்கு அமர்த்தியவர்களே அவர்மீது பாய்ந்தனர். பணத்தையும் பொருளையும் பறித்தனர். அவரைக் கொல்வதா விடுவதா என்று அவர் காதுபடவே வாதிட்டனர். உயிர் தப்பியது. குறிப்பேடுகளையும் கருவிகளையும் பயனற்றவை என்று விட்டுவிட்டார்கள்! 1884 மே 23ஆம் நாள் அல்ஜீரிய எல்லையிலுள்ள லல்லா மக்னியாவை அவர் அடைந்தபோது, அந்தப் பயனற்ற தாள்களே அவரிடம் எஞ்சிய செல்வம்.

அவற்றின் மதிப்பை ஹென்றி துவெரியே எடுத்துரைத்தார். இளமையிலேயே சகாராவை ஆராய்ந்து பெயர் பெற்ற அறிஞர் அவர். முன்னோர் அளந்திருந்த 689 கிலோமீட்டர் பாதையை ஃபூக்கோ திருத்தமாக மீண்டும் அளந்தார். 2250 கிலோமீட்டர் புதிய பாதையைச் சேர்த்தார். 45 தீர்க்கரேகைகளையும் 40 அட்சரேகைகளையும் கணித்தார். சில பத்துகளே தெரிந்திருந்த உயர அளவுகள் அவரால் மூவாயிரமாயின. 1885 ஏப்ரல் 24ஆம் நாள் பாரிசு புவியியல் கழகம் தன் பொற்பதக்கத்தை இருபத்தாறு வயது இளைஞருக்கு அளித்தது. 1888இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அந்நூலின் தலைப்பே படைத்துறைச் சொல்தான்: மொரோக்கோவில் வேவு என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

அந்நூலில் ஊர்களின் அழகும் மக்களின் பழக்கமும் மட்டும் இல்லை. எந்த இனக்குழு எத்தனை துப்பாக்கிகளைத் திரட்டும், எத்தனை குதிரைகளைத் திரட்டும் என்ற கணக்கும் உண்டு. அரசு அவரை அனுப்பவில்லை என்பதும், தம் சொந்தப் பணத்தில் அவர் சென்றார் என்பதும் உண்மையே. எனினும், பதவி துறந்த படைவீரனின் கண் படைவீரனின் கண்ணாகவே இருந்தது. 1912இல் மொரோக்கோ பிரான்சின் ஆளுகைக்குள் வந்தது. உள்நாட்டுக்குள் முன்னேறிய பிரெஞ்சு அதிகாரிகளுக்கு அந்நூல் பயன்பட்டது. அம்மக்கள் எதை அஞ்சி அயலாரைத் தடுத்தார்களோ அதுவே நடந்தேறியது. புனிதரின் வரலாற்றை எழுதுவோர் பலர் இதைச் சொல்லத் தயங்குகின்றனர். தயங்குவதற்கு என்ன இருக்கிறது? புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை என்று சிறார்க்கு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம்தாமே.

எனக்கு இதனினும் உறுத்தலாக இருப்பது மொர்தக்காயின் கதை. பதினோரு மாதம் ஃபூக்கோ உடுத்தியது யூதரின் உடை. உண்டது அவர்களின் ஏழை உணவு. உறங்கியது அவர்களின் கூரையின்கீழ். ஆயினும் மொரோக்கோ யூதர்களைப்பற்றி அவர் எழுதியவை கடுமையானவை. அம்முதியவரை அச்சம் மிகுந்தவர், பயணத்தைத் தாமதப்படுத்துபவர் என்று குறைகூறினாரேயன்றி, அவரின்றித் தாம் ஓரடியும் எடுத்து வைத்திருக்க முடியாது என்பதை அதற்கேற்ற அளவில் சொல்லவில்லை. வேடம் வெளிப்பட்டிருந்தால் முதலில் வெட்டுண்டிருக்கும் தலை மொர்தக்காயினுடையது. இளைஞருக்குப் பதக்கம் கிடைத்தது. மொர்தக்காய், நூல் வெளிவருவதைக் காணாமலே, 1886இல் அல்ஜியர்ஸில் இறந்தார்.

அதே 1886ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், பாரிசு புனித அகுஸ்தினார் ஆலயத்தில், அருள்பணியாளர் யுவலேனின் ஒப்புரவுத் தொட்டியருகே ஃபூக்கோ முழந்தாளிட்டார். அதன்பின் நடந்தவை யாவரும் அறிந்தவை: திராப்பிஸ்ட் துறவு, நாசரேத்தில் கிளாரா சகோதரியரின் வேலைக்காரன், 1901இல் குருத்துவம், மொரோக்கோ எல்லைக்கு அருகிலுள்ள பெனி அப்பெஸ், பிறகு தமன்ராசெத். மனமாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றை அவரே 1901இல் நண்பர் ஹென்றி தெ காஸ்திரிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். இடைவிடாமல் இறைவனின் திருமுன் வாழும் முஸ்லிம்களைக் கண்டது தம் உள்ளத்தை ஆழமாகக் கலக்கிவிட்டது என்கிறார். மூவாயிரம் உயரங்களை அளந்தவர் அளக்க முடியாத ஒன்றைப் பூ ஜாத்திலும் திசிந்திலும் கண்டிருக்கிறார்.

தமன்ராசெத்தில் துவாரெக் மக்களிடையே வாழ்ந்தபோது அவர் கையில் மறுபடியும் குறிப்பேடு இருந்தது. இம்முறை அது மறைந்திருக்கவில்லை. அவர்களின் சொற்களையும் பாடல்களையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் கண்முன்னே எழுதினார். 1908இன் தொடக்கத்தில் கொடும் வறட்சியில் அவர் நோயுற்று வீழ்ந்தார். நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் சிறிதேனும் பால் சுரந்த ஆடுகளையெல்லாம் தேடிக் கறந்து, அவருக்கு ஊட்டி உயிர்ப்பித்தவர்கள் பட்டினியில் வாடிய அம்மக்களே. பழைய படைவீரர் அவருள் முற்றிலும் மறைந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பிரான்சின் ஆட்சி அங்கு நிலைபெற வேண்டும் என்றே இறுதிவரை விரும்பினார். அதிகாரிகளோடு கடிதத் தொடர்பும் வைத்திருந்தார். உலகப்போரின்போது ஊராரின் பாதுகாப்புக்கென அவர் கட்டிய சிறு கோட்டையில் துப்பாக்கிகளும் இருந்தன. 1916 டிசம்பர் 1ஆம் நாள் மாலை, அதன் வாயிலில், ஆயுதம் தாங்கிய கூட்டத்தினர் பிடித்து வைத்திருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

துவாரெக் மொழிக்காக அவர் செய்த பணியில் தம் பெயர் வெளிப்படுவதை அவர் விரும்பவில்லை. தமக்குத் துணையாக இருந்து 1907இல் இறந்த மொழியறிஞர் மோத்திலின்ஸ்கியின் பெயரிலேயே அது வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1908இல் வந்த முதல் நூல் அவ்வாறே அச்சாயிற்று. பெரிய அகராதி 1951-52இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தபோது கேட்டுக்கொள்ள அவர் இல்லை. முகப்பில் ஃபூக்கோவின் பெயரையே அச்சிட்டார்கள்.